கூட நிக்க ஆள்

எங்க ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல. "கூட நிக்க ஆளு உண்டா?" என்றுதான் கேட்பார்கள். நாகர்கோவிலானாலும் தக்கலையானாலும் மார்த்தாண்டமானாலும் இதே கேள்விதான். மருந்துக்கடைக்கு ஓட, ரத்தம் சோதிக்கிற இடத்துக்குக் கொண்டுபோக, ராத்திரி குளுக்கோஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். தொலை மருத்துவத்தைப் பற்றிச் சில வருடங்களாக எடுத்து வைத்திருந்த குறிப்புகளை இப்போது திரும்பப் படிக்கையில், அந்த வரலாறு முழுக்க இந்த ஒரே கேள்விதான் ஓடுகிறது என்று தோன்றுகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

குறிப்பெடுக்கத் தொடங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 ஊரடங்கு சமயம். நான் சென்னையில், அம்மை தோவாளைப் பக்கத்தில் ஊரில் தனியாக. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், இரண்டு தடவை போட்டும் கிடைக்கவில்லை. அம்மைக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் போனில், "ஒண்ணும் இல்ல மக்ளே, செருப்பு கடிச்சுது" என்றாள். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். பெருவிரல் ஓரத்தில் ஒரு சின்னக் கொப்புளம். அதை எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்தார், பொறுமையாக நாலு கேள்வி கேட்டார். நானும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். மாத்திரை எழுதினார். "ஆறிரும், பயப்படாதீங்க."

அஞ்சாம் நாள் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த கிராம சுகாதார செவிலியர் எங்க வீட்டு நடையில் நின்றிருக்கிறார். அம்மை தண்ணி கொண்டுவர எழுந்து நடந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, காலை இழுத்து இழுத்து நடக்கீங்க?" என்று கேட்டாராம். காலை நீட்டச் சொல்லி, விரலை விட்டுவிட்டு, குதிகாலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். காய்ப்புக்கு அடியில் நிறம் மாறியிருந்தது. அமுக்கினார். "வலிக்கா?" "வலி ஒண்ணும் தெரியல்ல மக்ளே." அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே லேசான நாத்தம். அவரே எனக்கு வீடியோவில் கூப்பிட்டார். நான் டாக்டரை இணைத்தேன். செவிலியர் அமுக்கிய இடத்தை டாக்டர் பார்த்தார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். அன்றைக்கே கீறிச் சீழ் எடுத்தார்கள். கால் தப்பியது.

டாக்டர் அதே ஆள்தான், போனும் அதே போன்தான். அஞ்சு நாள் முன்னால் நடந்ததும் தொலை மருத்துவம்தான், அஞ்சாம் நாள் நடந்ததும் அதுதான். முதலில் என்ன இல்லை, பிறகு என்ன வந்தது? இதுதான் என் கேள்வி.

தூதன்

நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது புதிய காரியம் இல்லை. வாகனம் இல்லாத காலத்தில் சீக்காளியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ஒரு ஆளை வைத்தியர் வீட்டுக்கு ஓடவிடுவதுதான் எளிது. கேரளத்திலும் நம் தென் திருவிதாங்கூர்ப் பக்கத்திலும் வைத்தியர் குடும்பங்கள் பாடமாகப் படித்த நூல் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதன் சாரீர ஸ்தானத்து ஆறாவது அத்தியாயம் தூதனைப் பற்றித்தான் தொடங்குகிறது. வைத்தியரைக் கூப்பிட வருகிறவன் எப்படிப்பட்டவன், என்ன கோலத்தில் வந்தான், என்ன பேசினான், வரும்போது என்ன சகுனம் என்பதை வைத்து நோயாளி பிழைப்பானா மாட்டானா என்று சொல்கிறது. சுஸ்ருத சம்ஹிதையிலும் இது உண்டு.

இதை வைத்துக்கொண்டு "அப்பவே டெலிமெடிசின் இருந்தது" என்று மார்தட்ட நான் வரவில்லை. அங்கே தூதன் ஒரு சகுனம்தான், அவன் நோயைப் பார்த்துச் சொல்லப் பழக்கப்பட்டவன் அல்ல. நான் கவனித்தது வேறு. நடுவில் ஒரு ஆள் வந்தால் அந்த ஆளையும் சேர்த்துத்தான் வைத்தியர் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நூல்களில் இருக்கிறது. அம்மை விஷயத்தில் நான்தான் தூதன். நல்ல எண்ணம் உள்ள, ஒன்றும் தெரியாத தூதன். "வேற எங்கயும் புண்ணு உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு "இல்ல" என்று சொன்னது நான்தான். நான் பார்த்தேனா?

நெய்யூர்

தூதனைப் பழக்கிய கதை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நெய்யூரில்.

லண்டன் மிஷன் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூருக்கு வந்தார். அதிக நாள் இருக்கவில்லை. அப்புறம் வந்த டாக்டர் சார்லஸ் லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்துபோனார். ஒற்றை டாக்டரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு பேரின் கதையே போதும். ஆள் போனால் ஆஸ்பத்திரியும் போச்சு.

1861இல் ஜான் லோ வந்தார். மூன்று வருடம் கழித்து, 1864இல், உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பு தொடங்கினார். உடற்கூறு, மருந்து, சின்ன அறுவை என்று பாடம். படித்து முடித்தவர்களை வெவ்வேறு ஊர்களில் திறந்த கிளை மருந்தகங்களில் பொறுப்பாக வைத்தார்கள். அன்றாட நோயை அவர்களே பார்ப்பார்கள். கையை மீறியதை நெய்யூருக்கு அனுப்புவார்கள். பெரிய டாக்டர் அவ்வப்போது கிளைகளைச் சுற்றி வருவார். நடுவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சுற்றி பழக்கப்பட்ட ஆட்கள் இருக்கும் சின்ன இடங்கள். இன்றைக்கு இதையே 'ஹப் அண்ட் ஸ்போக்' என்று சொல்கிறார்கள். நம்ம ஊரில் கம்பி கூட இல்லாமல் நடந்தது.

இதில் 'தொலைவு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அன்றைய திருவிதாங்கூரில் இன்ன சாதிக்காரர் இன்ன சாதிக்காரரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று நடைமுறை இருந்தது. தொடாமல், தள்ளி நின்று எட்டிப் பார்த்துச் செய்யும் வைத்தியம் பலருக்குப் பழகிப்போன ஒன்றுதான். லோ பின்னாளில் எடின்பரோ போய், 1886இல் மருத்துவ மிஷன்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருக்கு அதில் மதப் பிரச்சார நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல சாதிக்காரர்கள் ஒரே கூரைக்கு அடியில் மருந்துக்குக் காத்திருந்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. நாடியைத் தொட்டுப் பார்க்கும் கை எந்தச் சாதிக் கை என்ற கேள்வியும் அங்கே அடிபட்டது. மைல் கணக்கில் உள்ள தொலைவைக் குறைக்க வந்த ஏற்பாடு, அடிக் கணக்கில் உள்ள தொலைவையும் கொஞ்சம் குறைத்தது.

1920களில் வந்த ஹோவார்ட் சாமர்வெல் பெயர் இன்றும் நெய்யூர்ப் பக்கம் பெரியவர்கள் வாயில் உண்டு. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். குடல் புண்ணுக்கும் வாய்ப் புற்றுக்கும் இங்கே செய்த அறுவைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார். அவர் கைத்திறனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். ஆனால் அந்தக் கைக்கு நோயாளியைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தது கிளைகளில் இருந்த, பெயர் தெரியாத உள்ளூர் ஆட்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

கம்பியும் அலையும்

நெய்யூரில் ஆளை வைத்துத் தொலைவைக் கடந்தபோது, உலகத்தின் இன்னொரு மூலையில் கருவியை வைத்துக் கடக்கப் பார்த்தார்கள். ஹாலந்தில் லைடன் நகரம், 1905. வில்லெம் ஐந்தோவன் இதயத் துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் செய்திருந்தார். அது நகர்த்த முடியாத அளவுக்குப் பெரியது. நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில். டெலிபோன் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்னோட்டத்தை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். இன்றைய இசிஜி அதன் வாரிசுதான். அதற்காக 1924இல் நோபல் பரிசும் கிடைத்தது. அங்கேயும் ஆஸ்பத்திரிப் பக்கம் நோயாளியின் கைகால்களை உப்புத்தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டார்.

1935இல் ரோம் நகரில் டாக்டர் குயிடோ குயிடா ஒரு மையம் தொடங்கினார். எந்த நாட்டுக் கப்பலானாலும் சரி, நடுக்கடலில் சுகமில்லை என்றால் ரேடியோவில் கேட்கலாம், இலவசமாக மருத்துவ யோசனை சொல்வார்கள். இன்றும் நடக்கிறது. அது நடக்கக் காரணம் ரேடியோ மட்டும் இல்லை. கப்பலில் ஒரு மருந்துப் பெட்டியும், முதலுதவி படித்த ஒரு அதிகாரியும் இருப்பார்கள். டாக்டர் சொன்னதைச் செய்ய அந்தப் பக்கம் கை இருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தூத்தூர், வள்ளவிளை ஆட்களின் ஞாபகம்தான் வந்தது. ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கும் மேலே கடலில் கிடப்பவர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில், கரையில் இருந்து சொல்லும் சொல் படகுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்று இந்த மாவட்டம் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு படகில் என்ன கருவி வைப்பது என்று நிறையப் பேசினார்கள். நடுக்கடலில் ஒருத்தனுக்கு நெஞ்சுவலி வந்தால் கருவியில் டாக்டர் சொல்வதைக் கேட்டு ஊசி போடத் தெரிந்த ஆள் படகில் உண்டா என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தட்டும் திரையும்

நம் நாட்டில் இப்போதைய தொலை மருத்துவத்துக்குத் தொடக்கமாகச் சொல்வது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவை. அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். 2000 மார்ச்சில் இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார். 2001 முதல் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக ஆஸ்பத்திரிகளை இணைக்கத் தொடங்கியது. அந்தமான் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி சென்னை போரூர் ராமச்சந்திராவோடு இணைக்கப்பட்டது. 2004 சுனாமி இங்கே குளச்சலையும் மணக்குடியையும் அடித்த அதே நாளில் அந்தமானையும் அடித்தது. கப்பலும் விமானமும் தடுமாறிய அந்த நாட்களில் அந்த இணைப்பு உதவியது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. மொட்டைமாடியில் தட்டு, அறையில் பெரிய திரை, திறப்பு விழாவுக்கு அமைச்சர். அதற்குப் பிறகு அந்த அறையைத் திறந்து நோயாளியை உட்காரவைத்து அந்தப் பக்கத்து டாக்டரோடு பேச, அதையே வேலையாகக் கொண்ட ஒரு ஆள் இல்லாத இடங்களில் திரை தூசி பிடித்தது. கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஆளுக்கு ஒதுக்குவதில்லை. கருவியை ஒருதடவை வாங்கினால் போதும், படமும் எடுக்கலாம். ஆளுக்கோ மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும் பாத்துக்கிடுங்க.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தேனி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது, 2000களின் நடுவில் கிராமங்களில் பார்வை மையங்களைத் திறந்தது. தேனிப் பக்கத்து மையங்களை ஆஸ்பத்திரியோடு இணைக்க கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உதவினார்கள். செயற்கைக்கோள் வேண்டாம், வீட்டில் வைக்கும் சாதா வைஃபையையே உயரமான கோபுரமும் திசை ஆன்டெனாவும் வைத்துப் பல கிலோமீட்டர் அனுப்பலாம் என்பது அவர்கள் யோசனை. சாதா வைஃபை ஒவ்வொரு தடவை அனுப்பிய பின்னும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வரத் தாமதமாகும், வரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதனால் இரண்டு பக்கமும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

அதே ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்தது. முன்னோட்டம் ஓடியது என்று கைதட்டிவிட்டுப் போகாமல், எதெல்லாம் கெட்டுப்போனது என்று எழுதினார்கள். அலைவரிசையைவிட அதிகமாகத் தொல்லை கொடுத்தது நம்ம ஊர்க் கரண்டு. ஏறி இறங்கும் மின்சாரத்தில் பலகைகள் எரிந்தன. உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் அமைப்பு நிலைத்தது.

மருத்துவப் பக்கமும் அப்படியே. பார்வை மையத்தில் உட்கார்ந்திருப்பது டாக்டர் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்து, அரவிந்திலேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். அவர்கள் கண்ணை ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து, அளந்து, எழுதி, படத்தை அனுப்புகிறார்கள். டாக்டர் வீடியோவில் ஒரு நிமிடம் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி தேவை என்றால் அங்கேயே கிடைக்கும். லோவின் 1864 வகுப்புக்கும் இதற்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கம்பி வந்திருக்கிறது, பையன்கள் இருந்த இடத்தில் பெண்கள் வந்திருக்கிறார்கள். மற்றபடி ஒரே ஏற்பாடுதான்.

சட்டமும் ஊரடங்கும்

டாக்டர்கள் ஏன் இவ்வளவு காலம் தயங்கினார்கள்? பயம்தான், அதில் நியாயமும் உண்டு. 2018இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மகாராஷ்டிரத்தில் பிரசவம் ஆன பெண் திரும்பவும் சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர்கள் ஊரில் இல்லை. போனில் சொல்ல, ஊழியர்கள் மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. நாடு முழுக்க டாக்டர்கள் போனில் பேசவே பயந்தார்கள். எல்லோரும் அந்த வழக்கைப் 'போன் வைத்தியம்' என்று பேசினார்கள். எனக்கு அதில் தெரிவது, பொறுப்பான ஒரு டாக்டர் கூட அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் நிற்கவில்லை என்பதுதான்.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாள், தொலை மருத்துவ நடைமுறை வழிகாட்டிகள் வெளிவந்தன. வீடியோ, குரல், எழுத்து மூன்றும் செல்லும். இன்ன மருந்தை முதல் தடவையே எழுதலாம், இன்னதை நேரில் பார்த்தவருக்குத்தான் எழுதலாம், போதை வகை மருந்துகளை எழுதவே கூடாது என்று பட்டியல் போட்டார்கள். அதில் நோயாளி நேரே பேசுவது ஒரு வகை, கூட இருப்பவர் பேசுவது ஒரு வகை, சுகாதாரப் பணியாளர் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு டாக்டரோடு பேசுவது வேறொரு வகை என்று பிரித்தார்கள். நான் முதல் நாள் செய்தது இரண்டாவது வகை. செவிலியர் செய்தது மூன்றாவது. சட்டமே அந்த வித்தியாசத்தைக் கண்டிருக்கிறது.

அடுத்த மாதமே இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதி வந்தது. அந்த முதல் வருடம் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. 2023 பிப்ரவரியில் நாடு முழுக்க 10 கோடி ஆலோசனைகள் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பங்கு வீட்டிலிருந்து தனியாகப் போனில் பேசியவர்களுடையது இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதார மையங்களில், பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரோடு இணைத்துவிட்டவர்களுடையது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொலை மருத்துவம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்கு அதுவும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். ஊரிலேயே உள்ள ஒரு பெண் வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். திரை பிறகு வந்தாலும் போதும், ஆள் ஏற்கனவே வீட்டு நடையில் இருக்கிறார். வருத்தம் என்னவென்றால், இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அவர்கள் 'தன்னார்வலர்'. சங்கிலியில் எடை தாங்கும் கண்ணிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே டவர் வரும், இன்றில்லாவிட்டால் நாளை வந்துவிடும். டவர் வந்த அன்றைக்குத் தொலை மருத்துவம் வந்துவிட்டது என்று பேப்பரில் போடுவார்கள். அந்தக் குடியிருப்பிலேயே பிறந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, அவளுக்கு அங்கேயே மாதச் சம்பளம் கொடுத்த பிறகுதான் வந்தது என்று நான் ஒத்துக்கொள்வேன்.

அம்மை இப்போதும் நடமாடுகிறாள், கொஞ்சம் தாங்கித் தாங்கி. வாரம் ஒருதடவை வீடியோவில் கூப்பிட்டுக் குதிகாலைக் காட்டச் சொல்வேன். போனைக் காலுக்கு நேரே பிடிக்க அவளுக்கு வராது. திரையில் தரைதான் தெரியும், இல்லாவிட்டால் உத்திரம். போன தடவை சலித்துப்போய்ச் சொன்னாள்: "ஒனக்கு இதுல ஒண்ணும் தெரியாது மக்ளே. அந்த நர்ஸ் பிள்ளை வியாழக்கிழமை வரும், அது பாத்துக்கிடும்."